செத்துக்கொண்டிருந்த செல்லை ஆறு மாதம் படம் பிடித்த கதை

முதல் ஆறு மாதத்தில் நான் எடுத்த வீடியோக்கள் மொத்தம் 140. அதில் கடைசியில் ஆய்வுக்கு உதவியவை ஒன்பது. மிச்சமெல்லாம் செத்துக்கொண்டிருந்த செல்களின் படங்கள். அது எனக்கு அப்போது தெரியாது.

தெரியவைத்தவர், லேசரால் செல்லைப் படம் பிடிக்கும் கன்ஃபோக்கல் நுண்ணோக்கியை இயக்கும் அண்ணன். பாலக்காட்டுக்காரர். தினமும் காலை ரயிலில் கோவைக்கு வந்து மாலை ரயிலில் திரும்புகிறவர். ஒரு நாள் என் நாற்காலிக்குப் பின்னால் டீ கிளாஸோடு வந்து நின்றார். திரையில் பச்சைப் புள்ளிகள் கும்பல் கும்பலாக நின்றிருந்தன. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மோளே, இது சத்து போயல்லோ" என்றார். செத்துப்போச்சே என்று மலையாளத்தில்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் படித்தது எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. நான் தாவர செல்லில் மைட்டோகாண்ட்ரியா எப்படி நகர்கிறது என்று முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருப்பவள். ஆனால் அவர் பத்து வருடமாக ஊரார் செல்களையெல்லாம் அந்தத் திரையில் பார்த்தவர். உயிரோடிருக்கும் செல் எப்படி ஓடும் என்பது அவர் கண்ணுக்குப் பழகியிருந்தது. என் கண்ணுக்கு இன்னும் பழகவில்லை.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. பழைய கொச்சி ராஜ்ஜியத்து மண், ஆனால் வீட்டிலும் சந்தையிலும் பேச்சு தமிழ்தான். நான் படித்ததும் தமிழ்வழிப் பள்ளி. மைட்டோகாண்ட்ரியா என்றால் பாடப்புத்தகத்தில் அவரைக்கொட்டையை நறுக்கினாற்போல ஒரு படம், உள்ளே மடிப்பு மடிப்பாக. கீழே 'செல்லின் ஆற்றல் நிலையம்' என்று எழுதியிருக்கும். மின்நிலையம் என்றதும் மனசில் ஒரு கட்டடம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. கட்டடம் நகராதில்லையா? அது நகரும், ஒன்றோடொன்று சேரும், திரும்பப் பிரியும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

ஆனால் செல்லுக்குள் ஏதோ ஓடும் என்பதை டீச்சர் ஒரு தடவை காட்டியிருந்தார். வாய்க்காலில் சித்தூர்ப்புழைத் தண்ணீர் விட்ட வாரம். ஹைட்ரில்லாப் பாசி ஒரு கொத்தை டம்ளரில் போட்டுக் கொண்டுவந்தார். அதன் இலை இரண்டே அடுக்கு செல் தடிமன்தான், அதனால் நறுக்கவே வேண்டாம், அப்படியே ஸ்லைடில் வைக்கலாம். நடு நரம்போரம் பார்த்தால் பசுங்கணிகங்கள் செல்லின் சுவரை ஒட்டி வரிசையாகச் சுற்றி வரும், தேர் சுற்றுவது போல. 1774இலேயே போனவென்டுரா கோர்த்தி என்ற இத்தாலியர் செல்லுக்குள் இப்படி ஓடுவதைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், மணி அடித்தும் நான் நுண்ணோக்கியை விட்டு எழவில்லை என்பதுதான்.

நான் எதைப் பார்த்தேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

விலங்கு செல்லிலும் ஈஸ்டிலும் மைட்டோகாண்ட்ரியா பெரும்பாலும் நீள நீளமாக, வலைபோலக் கோத்துக் கிடக்கும். தாவர செல்லில் அப்படியில்லை. ஒரு மைக்ரான் அளவில் தனித்தனி உருண்டையாகவோ சிறு குச்சியாகவோ, ஒரு செல்லுக்குள் நூற்றுக்கணக்கில் இருக்கும். மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் மைக்ரான். இவை ஓடும் தண்டவாளம் ஆக்டின் என்ற புரத இழை. இழுத்துப் போகும் இயந்திரம் மயோசின் XI என்ற புரதம். விலங்கு செல்லில் நீண்ட பயணங்களுக்கு நுண்குழல்கள் என்ற புரதக் குழாய்கள்தான் முக்கியப் பாதை, தாவரத்தில் ஆக்டின். வேகமும் அதிகம். நொடிக்குப் பல மைக்ரான் ஓடும் ஒன்று, பட்டென்று நிற்கும், அசையாமல் கிடக்கும், அப்புறம் வந்த வழியே திரும்பி ஓடும். டவுன் பஸ் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைக் கண்ணால் பார்க்க உதவுவது ஜெல்லிமீனிலிருந்து வந்த பச்சை ஒளிர் புரதம். 2008இல் வேதியியல் நோபல் வாங்கித் தந்ததே, அதுதான். அந்தப் புரதம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் மட்டும் போய்ச் சேரும்படி அமைத்த அரபிடாப்சிஸ் செடிகளை டேவிட் லோகனும் கிறிஸ் லீவரும் 2000இல் வெளியிட்டார்கள். இந்தத் துறையில் பல ஆய்வகங்களுக்கு அந்தச் செடியின் விதை கைமாறியிருக்கிறது. அரபிடாப்சிஸ் கடுகுக் குடும்பத்துச் சின்னக் களை. விதை தூசி மாதிரி, தும்மினால் ஒரு மாத உழைப்பு பறந்துவிடும். முளைத்து நாலைந்து நாளான நாற்றின் தண்டுத் தோலை 488 நானோமீட்டர் நீல லேசரில் பார்த்தால் கறுப்புப் பின்னணியில் பச்சைப் பொட்டுகள் ஓடும்.

சரி, கோளாறுக்கு வருவோம்.

செடி வளர்த்தது பாலக்காட்டுப் பக்கம் ஒரு ஆய்வகத்தில். கன்ஃபோக்கல் இருந்தது கோவையில், வேறொரு நிறுவனத்தில், மணிக்கணக்கில் காசு கட்டிப் பதிவு செய்யவேண்டும். செடி மரபணு மாற்றியது என்பதால் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் கடிதம் இல்லாமல் வெளியே எடுக்கக்கூடாது. ஆகவே பையில் கடிதம், தட்டுகளைச் சுற்றி டேப், அதற்கு மேல் பிளாஸ்டிக் டப்பா. பஸ்ஸில் வேலந்தாவளம் வழியாகக் கோவை. எல்லையில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸில் ஏறியவர் டப்பாவைத் திறக்கச் சொல்லி, நகக்கண் அளவுப் பச்சை நாற்றுகளை உற்றுப் பார்த்து, "இதென்னம்மா, கஞ்சா நாத்தா?" என்று கேட்டார். "கடுகு வகை சார்" என்றேன். கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். பஸ்ஸே சிரித்தது.

சிரிப்பு அடங்கியபின் நான் கவனித்திருக்கவேண்டியது வேறு. அது ஏப்ரல் மாதம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு பெரிய திறப்பு. காற்று வரும், கூடவே வெயிலும் வரும். நாற்று வளர்ந்தது 22 டிகிரி அறையில். பஸ்ஸில் என் மடியில் இருந்த டப்பாவுக்குள் ஒரு நாள் தெர்மாமீட்டரைப் போட்டுப் பார்த்தபோது 37 காட்டியது. ஒன்றரை மணி நேரம் அப்படி வெந்துவிட்டு நேராக நுண்ணோக்கிக்குக் கீழே போயிருக்கிறது. மணிக்கணக்கில் காசு ஆகிறதே என்று போனதும் போகாததுமாகப் படம் எடுக்க ஆரம்பித்துவிடுவேன்.

சூடோ, நச்சோ, மூச்சுத் திணறலோ, எதுவானாலும் தாவர செல்லில் முதலில் முகம் மாறுபவற்றில் ஒன்று மைட்டோகாண்ட்ரியா. குச்சி வடிவம் போய் உருண்டையாக ஊதும், ஓட்டம் நிற்கும், அங்கங்கே கும்பல் சேரும். செல் சாவதற்கு வெகு முன்னாலேயே நிமிடக் கணக்கில் இது நடந்துவிடும் என்று லோகன் குழுவே பிற்பாடு காட்டியிருக்கிறது. நான் அந்தக் கட்டுரையைப் படித்திருந்தேன், குறிப்பும் எடுத்திருந்தேன். என் திரையில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது என்பது மட்டும் உறைக்கவில்லை.

உறைக்காததோடு நிற்கவில்லை, கண்டுபிடிப்பாகவே எழுதிவிட்டேன். என் வேலை மைட்டோகாண்ட்ரியாக்களின் 'சந்திப்பு'களை எண்ணுவது. இரண்டு பொட்டு குறிப்பிட்ட தூரத்துக்குள் வந்தால் ஒரு சந்திப்பு. வெயிலில் வந்த நாற்றுகளில் இந்த எண்ணிக்கை எகிறியிருந்தது. 'வெப்பம் மைட்டோகாண்ட்ரியாக்களின் உறவாடலைக் கூட்டுகிறது' என்று தலைப்புப் போட்டுத் துறைக் கருத்தரங்கில் பேசினேன், கைதட்டு வாங்கினேன். முடிந்தபின் கைடு சார் ஒன்று கேட்டார்: "இந்த ஜோடி ரெண்டும் 120 ஃபிரேமும் பக்கத்துல பக்கத்துலதான் நிக்குது. நீ இத ஒரு சந்திப்புன்னு எண்ணுனியா, 120ன்னு எண்ணுனியா?"

120 என்றுதான் எண்ணியிருந்தேன். செத்துக் கும்பலாகக் கிடந்த பொட்டுகள் நகராமலே ஆயிரக்கணக்கில் 'சந்தித்து'க்கொண்டிருந்தன.

அதன்பின் வந்த மாற்றங்களில் முதலாவது மீன் பெட்டி. எங்கள் தெருவுக்கு வரும் மீன்காரரிடம் அம்மா ஒரு தெர்மாகோல் பெட்டி வாங்கித் தந்தார். கழுவிக் காயவைத்தும் மத்தி வாசம் போகவில்லை. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் யாரும் உட்காராதது ஒரு வசதி. ஐஸ் பையை நேராகத் தட்டின்மேல் வைத்ததில் அடுத்த பாடம்: குளிர்ந்தாலும் ஓட்டம் மந்தமாகிவிடும். துண்டில் சுற்றி அடியில் வைத்து, நடுவில் அட்டை கொடுத்ததும் உள்ளே 20க்கும் 24க்கும் இடையில் நின்றது. போய்ச் சேர்ந்ததும் ஒரு மணி நேரம் தட்டை நுண்ணோக்கி அறையிலேயே விளக்கின் கீழ் வைத்துவிட்டுக் கீழே போய் டீ குடிப்பேன். வெறும் டீ குடித்த அந்த ஒரு மணி நேரத்துக்கும் கணக்கில் இடம் ஒதுக்கச் சொல்லி சாரிடம் எழுதி வாங்கினேன். இந்த வேலை செய்யப் போகிறவர்கள் திட்டச் செலவு எழுதும்போதே இதைச் சேர்த்துவிடுங்கள். பின்னால் கேட்டால் கிடைக்காது.

இரண்டாவது கவர் ஸ்லிப், அதாவது ஸ்லைடில் வைத்ததை மூடும் மெல்லிய கண்ணாடி. தண்ணீர் காயக்கூடாது என்று நாலு பக்கமும் வாசலின் தடவி அடைத்துவிடுவேன், பாட்டிலுக்கு மூடி போடுவது மாதிரி. உள்ளே இருப்பது மூச்சுவிடுகிற நாற்று. மைட்டோகாண்ட்ரியாவின் தொழிலே ஆக்சிஜனைச் செலவழிப்பதுதான், அதைக் கொண்டுபோய்க் காற்றில்லாமல் அடைத்து வைத்துவிட்டு ஏன் ஓடவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது ஸ்லைடின் இரண்டு ஓரத்திலும் டேப் ஒட்டி, அதன்மேல் கவர் ஸ்லிப்பைப் பாலம் போல வைக்கிறேன். நாற்று நசுங்காது, பக்கவாட்டில் காற்றும் வரும். ஒரு நாற்றைப் பத்து நிமிடத்துக்கு மேல் பார்ப்பதில்லை. தண்ணீர் குறைந்தால் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டால் போதும். இலையைப் பார்ப்பதென்றால் இலைக்குள் இருக்கும் காற்று இடைவெளி ஒளியைச் சிதறடிக்கும். அதற்குப் பெர்ஃபுளூரோடெக்கலின் என்ற திரவத்தில் ஊறவைப்பார்கள். அது ஆக்சிஜனை நன்றாகக் கரைத்து வைத்திருக்கும் என்பது கூடுதல் லாபம். விலைதான் கையைக் கடிக்கும்.

மூன்றாவது லேசர். படம் பளிச்சென்று இருக்கவேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் உண்டு. அதுதான் கெடுக்கும். லேசர் ஒளியே செல்லுக்கு அடி, மைட்டோகாண்ட்ரியாவுக்கு இன்னும் அடி. அதோடு தாவரத்துக்கு நீல ஒளி வெறும் வெளிச்சமும் இல்லை. கடும் நீல ஒளி பட்டால் இலையின் செல்லில் பசுங்கணிகங்கள் இடம் மாறும், மைட்டோகாண்ட்ரியாவும் கூடவே போகும். நான் பார்க்க வைத்த விளக்கே நான் பார்க்க வந்ததை நகர்த்திவிடுகிறது. லேசரை முடிந்த மட்டும் குறைத்து, படம் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிடக் கற்றுக்கொண்டேன். சார் சொல்லித்தந்த சோதனை ஒன்று உண்டு: முதல் ஃபிரேமையும் கடைசி ஃபிரேமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். பொட்டுகளின் வடிவம் ஒரே மாதிரி இருந்தால் வீடியோ பிழைத்தது. கடைசியில் எல்லாம் உருண்டையாகியிருந்தால் குப்பை. இதற்கு மென்பொருள் வேண்டாம், ஐந்து வினாடி போதும். அந்த ஐந்து வினாடியில்தான் 131 வீடியோ போனது.

கணினி வேலையில் நான் பட்ட அடி தனி. ஃபிஜி என்ற இலவச மென்பொருளில் டிராக்மேட் என்று ஒரு கருவி இருக்கிறது. அது ஒவ்வொரு ஃபிரேமிலும் பொட்டுகளைக் கண்டுபிடித்து, முந்தைய ஃபிரேமில் இருந்ததோடு கோத்துப் பாதை வரைந்து தரும். அழகான வண்ணக் கோடுகள். நம்பிவிடத் தோன்றும். நான் இரண்டு வினாடிக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தேன். நொடிக்கு 5 மைக்ரான் ஓடுகிற ஒன்று இரண்டு வினாடியில் 10 மைக்ரான் போய்விடும். பக்கத்துப் பொட்டு இருப்பதோ மூன்று மைக்ரானில். கருவிக்கு யார் யார் என்று எப்படித் தெரியும்? பக்கத்தில் இருப்பதை 'நீதான் அவன்' என்று கோத்துவிடும். விளைவு, வேகமானவை எல்லாம் கணக்கில் காணாமல் போய், எல்லாமே மெதுவாக நகர்வதாக வரும். இடைவெளியைக் குறைத்தேன். அதற்கு லேசர் கூடக் கேட்கும், ஆகவே பார்க்கும் பரப்பைச் சுருக்கினேன். எதையாவது கொடுத்துத்தான் எதையாவது வாங்கமுடியும். ஒவ்வொரு வீடியோவிலும் இருபது பொட்டுகளைக் கையால், மவுஸால், ஃபிரேம் ஃபிரேமாகத் தொடர்ந்து கருவியின் பாதையோடு ஒப்பிட்டேன். கண் எரியும் வேலை. ஆனால் கருவி எங்கே பொய் சொல்லும் என்று தெரிந்துகொள்ள வேறு வழியை நான் காணவில்லை.

அப்புறம் ஓட்டம் நிஜமாகவே ஓட்டமா, இல்லை வெள்ளத்தில் மிதப்பதா என்ற கேள்வி. இதற்கு லாட்ரன்குலின் பி. செங்கடல் பஞ்சுயிரி ஒன்றிலிருந்து முதலில் பிரித்த பொருள்களின் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆக்டின் இழைகளைக் கலைத்துவிடும். அதைக் கொடுத்த செல்லைப் பார்க்கவேண்டும். பஸ் ஸ்டிரைக் அன்றைய பேருந்து நிலையம் போல எல்லாம் நின்ற இடத்தில் நிற்கும். உற்றுப் பார்த்தால் லேசாகத் துடிக்கும், அது வெறும் பிரவுனிய அசைவு, சுற்றியுள்ள மூலக்கூறுகள் மோதுவதால் வருவது. நுண்குழலைக் கலைக்கும் ஒரைசாலின் கொடுத்தால் இப்படி நிற்காது. ஒவ்வொரு நாளும் முதல் வேலையாக லாட்ரன்குலின் கொடுத்த ஒரு நாற்றைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். அதில் 'வேகம்' என்று என்ன எண் வருகிறதோ, அதுதான் அன்றைக்கு என் கருவியின் பொய். நல்ல செல்லில் அளப்பது அந்தப் பொய்யைத் தாண்டியிருந்தால்தான் அதற்கு மதிப்பு.

இனி, எதற்காக இத்தனை ஓட்டம்? இதை அம்மாவும் கேட்டார். நிலக்கடலை உரித்துக்கொண்டே, "ஏங்கண்ணு, அது சக்தி குடுக்குற சாமான்னா ஒரு எடத்துல நின்னு குடுக்க வேண்டியதுதான? என்னத்துக்கு லோலோன்னு சுத்துது?"

நல்ல கேள்வி. சக்தி வேண்டிய இடத்துக்கெல்லாம் போகவேண்டும் என்பது பாதிப் பதில். மறு பாதி மரபணுவில் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாக ஒரு டி.என்.ஏ. உண்டு. மனிதனில் அது 16,569 எழுத்து. அரபிடாப்சிஸில் சுமார் 3,67,000 எழுத்து, 1997இல் முழுதாகப் படித்தார்கள். அவ்வளவு பெரிய பொருள் ஒவ்வொரு மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளும் முழுசாக இருப்பதில்லை. தாவரத்தில் பலவற்றில் ஒரு துண்டுதான் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. அப்படியானால் இல்லாதது இருப்பதிடம் வாங்கியாகவேண்டும். இரண்டும் ஒட்டி, உள்ளிருப்பதைக் கலந்து, திரும்பப் பிரிகின்றன. ஜப்பானில் ஷின்-இச்சி அரிமுரா குழு 2004இல் இதை வெங்காயத் தோலில் அழகாகக் காட்டியது. கேடே என்ற புரதம் பச்சையாக ஒளிரும், ஊதா ஒளி பட்டால் சிவப்பாகிவிடும். செல்லில் பாதி மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் சிவப்பாக்கிவிட்டுக் காத்திருந்தார்கள். ஓரிரண்டு மணி நேரத்தில் எல்லாமே மஞ்சள். பச்சையும் சிவப்பும் அத்தனை வேகமாகக் கலந்திருக்கின்றன.

அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்து, வேலந்தாவளம் காய்கறிச் சந்தையைச் சொன்னேன். "ஒருத்தர்கிட்ட வெண்டை, ஒருத்தர்கிட்ட தக்காளி. சந்தைக்கு வந்தாத்தான் மாத்திக்க முடியும்."

"அப்ப எல்லாரும் சந்தையிலேயே குடியிருந்தர்லாமே" என்றார்.

"தோட்டத்த யார் பாக்கறது?"

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் இந்தத் துறையில் இப்போது பெரிதாகப் பேசப்படுவது இதைத்தான். செல் முழுக்கப் பரவி நிற்கவும் வேண்டும், ஒன்றையொன்று சந்திக்கவும் வேண்டும், இரண்டும் ஒன்றுக்கொன்று முரண். நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தில் இயன் ஜான்ஸ்டனும் அவரோடு சேர்ந்து ஜோவன்னா சுஸ்டெக்கி முதலானவர்களும் 2021இல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். எந்த நொடியில் பார்த்தாலும் பொட்டுகள் தள்ளித் தள்ளித்தான் நிற்கின்றன. ஆனால் ஓடிக்கொண்டே இருப்பதால், கொஞ்ச நேரத்துச் சந்திப்புகளை எல்லாம் கோத்துப் பார்த்தால் நல்ல இறுக்கமான வலை ஒன்று உருவாகிவிடுகிறது. ஃபிரெண்ட்லி என்று பெயர் வைத்த, மரபணு பிறழ்ந்த ஒரு செடியில் மைட்டோகாண்ட்ரியாக்கள் கும்பலாக ஒட்டிக்கொள்ளும். அங்கே சேர்க்கை உண்டு, பரவல் கெட்டது. சந்தையிலேயே குடியிருக்கும் செடி அது.

என் 120 ஃபிரேம் கூத்து எவ்வளவு தப்பு என்பது இதைப் படித்தபின்தான் முழுதாகப் புரிந்தது. ஒரே ஜோடி எவ்வளவு நேரம் பக்கத்தில் நின்றது என்பதில்லை விஷயம். புதிதாக யாரைப் பார்த்தது என்பதே. அதை எண்ண ஆரம்பித்ததும் வெயில் நாற்றின் எண்ணிக்கை தரைமட்டத்துக்கு வந்தது. கருத்தரங்கில் சொன்னதற்கு நேர் எதிர். திருத்தத்தை அதே அறையில், அதே ஆட்கள் முன்னால் நின்று சொல்லவேண்டியிருந்தது. அந்த அனுபவத்தை விவரிக்கப் போவதில்லை.

"இதனால வெவசாயத்துக்கு என்ன?" என்பது அப்பாவின் கேள்வி. அவருக்கு வெங்காயக் கதையைச் சொன்னேன். 1925இல் கலிபோர்னியாவில் ஹென்றி ஜோன்ஸ் என்பவர் தோட்டத்தில் ஒரு வெங்காயச் செடி மகரந்தமே வைக்கவில்லை. அதைத் தள்ளிவிடாமல் பெருக்கினார்கள். தன் மகரந்தம் இல்லாத தாய்ச்செடி இருந்தால் கையால் பூவை நோண்டாமலே ஒட்டுவிதை எடுக்கலாம். வெங்காயத்தில் கலப்பின விதை வந்ததே அந்தச் செடியால். நெல்லிலும் சூரியகாந்தியிலும் இதே வழிதான். இப்படிப் பட்ட ஆண்மலட்டுத் தன்மை பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. தாறுமாறாகச் சேர்ந்து புதிய மரபணு முளைப்பதால் வருகிறது. சேர்ந்து கலப்பது எப்படி என்று பார்ப்பதும் அந்தக் கதையில் ஒரு துண்டு. அப்பா தலையாட்டினார். விதை விலை குறையுமா என்று கேட்டார். குறையாது என்றேன்.

இப்போது எல்லையோரம் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். கன்ஃபோக்கல் கிடையாது, 40 மடங்கு லென்ஸ் வைத்த சாதாரண நுண்ணோக்கிகள்தான். அதில் என்ன பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்காக இது. பெரிய வெங்காயம் எடுங்கள், சின்ன வெங்காயத்தில் தோல் சுருண்டு உயிரை வாங்கும். சதைச் செதிலின் உட்பக்கம், அதாவது குழிந்த பக்கம், பிளேடால் கட்டம் கீறி, அரை சென்டிமீட்டர் சதுரத்தை இடுக்கியால் உரியுங்கள். உரித்த உடனே பார்த்தால் ஒன்றும் ஓடாது. காயம் பட்ட செல் திகைத்து நிற்கும். அரை மணி நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பாருங்கள். விளக்கைக் குறைத்து, ஸ்லைடுக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் கண்டென்சரின் திறப்பையும் சுருக்குங்கள். நூல் நூலாக ஓடும் சைட்டோபிளாசத்தில் மணிமணியாக ஏதேதோ போகும்.

அது எல்லாமே மைட்டோகாண்ட்ரியா என்று நினைத்துவிடாதீர்கள். பளபளவென்று உருண்டையாகத் துள்ளுவது எண்ணெய்த் துளி. மங்கலாக, மெல்லிய குச்சியாக நெளிந்து போவதுதான் நம் ஆள், ஆனால் சத்தியம் செய்யமுடியாது. ஜேனஸ் பச்சை பி என்ற சாயம் இருந்தால் நல்லது. 1900இல் மிகேலிஸ் கண்டுபிடித்த வழி அது. மிக நீர்த்த கரைசலில் ஒரு சொட்டு. மைட்டோகாண்ட்ரியா நீலப்பச்சையாக நிற்கும். அங்கே நடக்கும் சுவாசம் சாயத்தை நிறத்தோடு வைத்திருக்கிறது, மற்ற இடங்களில் நிறம் வெளுத்துவிடும். காற்று குறைந்தால் மைட்டோகாண்ட்ரியாவிலும் வெளுக்கும். கவர் ஸ்லிப்புக்குள் மூச்சுத் திணறுவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட மலிவான வழி கிடையாது. சாயம் கொஞ்சம் விஷம், பத்து நிமிடத்துக்குள் பார்த்துவிடவேண்டும்.

போன வாரம் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி இப்படித்தான் வெங்காயத் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "மேடம், ரெண்டு குச்சி ஒட்டிருச்சு!" என்று கத்தினாள். மற்றவர்கள் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். அவள் கண்ணை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சத்தத்தைக் குறைத்து, "இல்ல மேடம், ஒட்டுச்சா, இல்ல ஒண்ணு மேல ஒண்ணு கீழ போகுதான்னு தெரியல" என்றாள்.

நுண் குவியத் திருகை அரை இழை திருப்பிப் பார்க்கச் சொன்னேன். திருப்பினாள். ஒரு குச்சி மங்கியது, மற்றது மங்கவில்லை.